எரிகிறதே என்று சானிடைசரைத் திட்டாதீர்கள்

முதலில் இந்தக் கையைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டக் கொண்டு வருகிறேன். விரல் கணுக்களில் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? ஆறு மாதத்துக்கு முன்னால் இங்கேதான் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ஒருவருக்கு ஊசி குத்தி முடித்தால், அடுத்தவரைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு நாளைக்கு 40, 50 தடவை ஆகிவிடும்.

சானிடைசர் பட்டால் சுள்ளென்று எரியும். சரி, இதுதான் தோலை அரிக்கிறது என்று நானே முடிவுகட்டி, அதை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். இரண்டே வாரம். கணுக்கள் வெடித்து, இட்லி மாவை உப்புப் போட்டுக் கரைக்கக்கூட முடியவில்லை.

தோல் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோப்பு எத்தனை தடவை?" என்றுதான் கேட்டார். சானிடைசர் பேச்சையே எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே கொழுப்பு இருக்கிறது. ஈரம் வெளியே போகாமல் தடுப்பது அதுதான். சோப்பு அந்தக் கொழுப்பை எடுத்துத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிடும். போதாததற்கு, நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது. சாதாரண சோப்பு காரம். ஆல்கஹாலும் கொழுப்பைக் கரைக்கத்தான் செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அலசி ஊற்றுவதில்லை அல்லவா? ஆல்கஹால் ஆவியாகிப் போகும், கரைந்ததில் பெரும்பகுதி கையிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே வெடித்த இடத்தில் ஆல்கஹால் பட்டால் எரியும். வெடிக்க வைத்தது சோப்பு, திட்டு வாங்குவது சானிடைசர்!

இந்த பாட்டிலைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் பிசுபிசுவென்று இருக்கும். எனக்கும் முன்பு இது பிடிக்காது. அந்தப் பிசுபிசுப்பு கிளிசரின். உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கும் ஒரு செய்முறையில் 80 சதவீதம் எத்தனால், அதோடு 1.45 சதவீதம் கிளிசரின். 10 லிட்டர் தயாரித்தால் 145 மில்லி கிளிசரின் ஊற்ற வேண்டும். தோல் வறளாமல் இருக்கத்தான் அது. கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. அது நம் கைக்காக இல்லை; பாட்டிலுக்குள் கிருமி வித்துகள் இருந்தால் அவற்றை அழிப்பதற்கு.

"அப்படியானால் சுத்த ஆல்கஹாலே போடலாமே?" என்று கேட்பீர்கள். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். அதனால் நூறு சதவீதத்தைவிட எழுபது, எண்பது சதவீதம்தான் நன்றாக வேலை செய்யும். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். கையில் மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும், வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றாலும் சானிடைசரை நம்ப வேண்டாம். அங்கே சோப்புதான், வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது.

நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். கண்ணுக்கு அழுக்குத் தெரிந்தால் மட்டும் சோப்பு, அதுவும் வெந்நீரில் இல்லை. சோப்புப் போட்ட கையில் உடனே சானிடைசர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். முன்பு ஈரக் கையோடு கிளவுஸ் மாட்டுவேன். இப்போது காய்ந்த பிறகுதான். ராத்திரி வாசலின் தடவிப் பழைய பருத்தி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூக்கம். என் பெண் பார்த்துச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும் வேறு ரகம். அரிப்போடு சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால், மணிக்கட்டைத் தாண்டிப் பரவினால், அது வறட்சி இல்லாமல் அலர்ஜியாக இருக்கலாம். பெரும்பாலும் ஆல்கஹாலால் இல்லை, வாசனைக்குச் சேர்க்கிற பொருளால்தான். அந்த மல்லிகை, எலுமிச்சை வாசனை பாட்டில்களை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது உங்கள் முன்னாலேயே போடுகிறேன். உள்ளங்கை நிறைய. புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி... நாம் தேய்க்காமல் விடுகிற இடமெல்லாம் இதுதான். இருபது, முப்பது விநாடி ஆகும். எரியவில்லை பாருங்கள். இன்னும் ஈரம் இருக்கிறது. இது தீப்பிடிக்கிற சரக்கு, காயும்வரை அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ம்... காய்ந்துவிட்டது. போய்ப் பாலைக் காய்ச்சுகிறேன்.