புல்தரையில் காய்ந்த திட்டா? முதலில் தோண்டுங்கள்

[காட்சி: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்புறம். பச்சைப் புல்லின் நடுவே பழுப்புத் திட்டு.]

மலேசியாவின் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் வீட்டு முன்னால் இருப்பது பெரும்பாலும் மாட்டுப்புல்தான். புளிப்பு மண்ணிலும் வளரும், ஓரளவு நிழல் தாங்கும், ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். அந்தப் புல்லே ஓரிடத்தில் செத்து, மறுபடி தழையவில்லை என்றால், உரம் வாங்க ஓடாதீர்கள்.

[காட்சி: கை, திட்டின் ஓரத்துப் புல்லை இழுக்கிறது.]

பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்தில் ஒரு பிடி இழுத்துப் பாருங்கள். பாயைச் சுருட்டுகிற மாதிரி கழன்று வந்தால் வேரைப் புழு தின்றுவிட்டது. 1 அடிக்கு 1 அடி, 3 அங்குல ஆழம் வெட்டுங்கள். சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. பத்துக்கு மேல் என்றால் ஆள் அதுதான். புல்தரைக்கு என்று லேபிளில் போட்டிருக்கும் மருந்தைச் சொன்ன அளவில் போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

வேர் உறுதியாக இருந்து இலை மட்டும் கடிபட்டிருந்தால், 4 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, 1 சதுர மீட்டரில் ஊற்றுங்கள். இலை தின்னும் புழுக்கள் பத்து நிமிடத்துக்குள் மேலே வரும். வெள்ளைப் புழு இதற்கு வராது, அதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

[காட்சி: நீள ஸ்க்ரூடிரைவர் மண்ணில் இறங்குகிறது, பாதியில் நிற்கிறது.]

புழு இல்லையா? மழை பெய்த மறுநாள் ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள். மண் முழுக்க இறுகி இருந்தால் கார் ஏறிய இடமாக இருக்கும். 'டக்' என்று முட்டினால் கீழே செங்கல்லோ காய்ந்த சிமெண்டோ. வீடு கட்டி முடித்தவர்கள் மிச்சத்தை மூடிவிட்டுப் போவது சகஜம். அதன் மேலிருக்கும் மெல்லிய மண் வெயிலில் சீக்கிரம் காயும். மாட்டுப்புல்லுக்குப் பிடித்த மண்ணின் புளிப்பையும் சிமெண்டின் சுண்ணாம்பு குறைத்துவிடும். வட்டமாகக் காளான் முளைத்தால் அடியில் மரக்கட்டை மக்கிக்கொண்டிருக்கலாம். பழைய ரப்பர் காட்டில் எழுந்த தாமான்களில் அடிமரம் கிடைப்பது ஆச்சரியமில்லை.

நாய் மூத்திரத் திட்டு தனியாகத் தெரியும்: நடுவில் வைக்கோல் நிறம், சுற்றிலும் கரும்பச்சை வளையம். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுங்கள்.

இன்னொன்று, மருந்து அடிக்கும் தோள் பம்பு. செம்பனைக்குக் களைமருந்து அடித்த பம்பைச் சரியாகக் கழுவாமல் வீட்டில் பயன்படுத்தினால் நடந்த வழியெல்லாம் புல் சாகும். முன்பு பாராகுவாட் என்ற களைமருந்து பட்ட புல் கருகினாலும் பல சமயம் வேரிலிருந்து துளிர்த்துவிடும். 2020 ஜனவரி 1 முதல் அதற்கு மலேசியாவில் தடை. கிளைபோசேட் என்ற களைமருந்தோ வேர்வரை இறங்கும். புல் மஞ்சள் நிறத்துக்கு மாறவே ஒரு வாரம் ஆகும். ஆகவே போன வாரம் யார் பம்பு தூக்கினார்கள் என்று விசாரியுங்கள்.

[காட்சி: சங்குலால் (மண்வெட்டியால்) சதுரமாக வெட்டுதல்.]

இனி ஒட்டு வேலை. செத்த இடத்தைத் தாண்டி 10 சென்டிமீட்டர் சேர்த்துச் சதுரமாக வெட்டி, 15 சென்டிமீட்டர் தோண்டுங்கள். கல், சிமெண்ட், கட்டை எல்லாம் வெளியே வரட்டும். அடிமண்ணைக் கொத்திவிட்டு 2 பங்கு மேல்மண், 1 பங்கு ஆற்று மணல், 1 பங்கு மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். 1 சதுர மீட்டர் குழிக்குச் சுமார் 150 லிட்டர் கலவை பிடிக்கும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. பாதி நிரப்பி, தண்ணீர் விட்டு, மிதித்து, மறுபடி நிரப்புங்கள். இந்த மிதியைத் தவிர்த்தால் அடுத்த மழையில் பள்ளம் விழுந்து நீர் தேங்கும்.

நர்சரியில் புல் துண்டு வாங்கினால் அதன் தடிமனுக்கு மண்ணைத் தாழ்த்தி வையுங்கள். மேடாக நின்றால் மெஷின் சீவிவிடும். வாங்காமலும் முடியும். உங்கள் புல்லிலேயே 3, 4 கணு உள்ள ஓடுதண்டை வெட்டி, 2 கணு மண்ணுக்குள் போக, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். மூடிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆனால் நிறம் அப்படியே ஒத்துப்போகும். அகல இலை மாட்டுப்புல் நடுவே மெல்லிய இலையுள்ள பிலிப்பைன்ஸ் புல்லை ஒட்டினால் காலத்துக்கும் தழும்பு தெரியும்.

மழை இல்லாத நாளில் முதல் 2 வாரம் காலையும் மாலையும் தண்ணீர். உரம் 4 வாரம் கழித்துத்தான்: தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 15-15-15, சதுர மீட்டருக்கு 30 கிராம், இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர். புல் 8 சென்டிமீட்டர் வளர்ந்ததும் முதல் வெட்டு, 5 சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல். நைலான் கயிறு மெஷினைப் புதுத் திட்டின் மேல் கொண்டுபோக வேண்டாம், வேர் பிடிக்காத தண்டை அது பிய்த்தெறியும்.