எச்.ஐ.வி. குளிசையை விடாம எடுக்க மெசேஜ் உதவுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. இது கொமெண்டில வரல்ல, இன்பொக்சுக்கு வந்தது. கேட்டவ கொழும்பில வேலை செய்யிற ஒரு தங்கச்சி. சொந்த ஊர் நம்மட மட்டக்களப்புப் பக்கம். எந்த ஊர் எண்டும் எழுதியிருக்கிறா, அதை நான் வாசிக்கல்ல. நீங்களும் கீழ போய் "ஆரு, எந்த இடம்" எண்டு கேட்டு எழுத வேணாம்.

கேள்வி இதுதான்: "என்ட தம்பி எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிறான். வீட்டில எனக்கு மட்டும்தான் தெரியும். இடைக்கிடை குளிசையை விட்டுடுறான். நான் தூரத்தில இருக்கிறதால ஒவ்வொரு நாளும் ராவைக்கு 'குளிசை போட்டியா?' எண்டு மெசேஜ் அனுப்புறன். முதல்ல பதில் போட்டான், இப்ப போடுறதில்ல. இதால பிரயோசனம் இருக்கா, நிப்பாட்டவா?"

நிப்பாட்ட வேணாம் தங்கச்சி. ஆனா இப்ப அனுப்புற மாதிரி அனுப்பாதீங்க.

முதல்ல, குளிசையை விட்டா என்ன நடக்குது எண்டதை மற்றவங்களுக்காகவும் சொல்றன். இப்ப கனபேர் எடுக்கிறது நாளைக்கு ஒரே ஒரு குளிசை. அதுக்குள்ள மூண்டு மருந்து இருக்கு: டெனோபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர். இது வைரசை உடம்பில இருந்து துடைச்சு எடுக்காது, பெருக விடாம அமத்தி வச்சிருக்கும். மருந்து ரத்தத்தில குறைஞ்சா அது திரும்பப் பெருகத் தொடங்கும். வயலுக்குக் களைநாசினி அரைகுறையா அடிச்சா என்ன நடக்கும்? சாகாம நிண்ட புல்லுத்தான் விதைச்சு அடுத்த போகத்தில முளைக்கும், அதுக்குப் பழைய மருந்து ஏறாது. இதுவும் அப்படித்தான். ஒரு நாள் மறந்தா உலகம் கவிழாது, இப்பத்தைய மருந்துகள் அந்தளவுக்குத் தாங்கும். நாள் கணக்கா விட்டு விட்டு எடுக்கிறதுதான் ஆபத்து.

ஒழுங்கா எடுத்தா? வைரஸ் அளவு, அதுதான் வைரல் லோட், சோதனையில தெரியாத அளவுக்கு இறங்கும். அப்படி இறங்கி அப்படியே நிண்டா உடலுறவால இன்னொருத்தருக்குத் தொத்தாது. உலக சுகாதார நிறுவனமே சொல்ற விசயம் இது. உங்கட தம்பி நாளைக்குக் கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். தாயிட்ட இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. போறதை ஒழிச்ச நாடு எண்டு 2019ல இலங்கைக்கு அங்கீகாரமும் கிடைச்சது. அதுக்குப் பின்னால நிக்கிறதும் இந்தக் குளிசைதான்.

இப்ப மெசேஜுக்கு வருவம். இது நேத்து வந்த யோசனை இல்ல. 2010ல 'லான்செட்' எண்ட மருத்துவச் சஞ்சிகையில கென்யாவில செய்த ஒரு ஆய்வு வந்தது. மருந்து தொடங்கின 538 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கத்துக்கு வழமையான கவனிப்பு மட்டும். மற்றப் பக்கத்துக்குக் கிழமையில ஒருக்கா கிளினிக் தாதிட்ட இருந்து ஒரு மெசேஜ் போகும். என்ன எழுதியிருக்கும் எண்டு நினைக்கிறீங்க? "எப்படி இருக்கிறீங்க?" அவ்வளவுதான். குளிசை எண்டு இல்ல, மருந்து எண்டு இல்ல, வருத்தத்தின்ட பேரும் இல்ல. "நல்லா இருக்கிறன்" எண்டோ "ஒரு பிரச்சினை" எண்டோ 48 மணித்தியாலத்துக்குள்ள பதில் போடணும். பிரச்சினை எண்டு வந்தாலும், பதிலே வராட்டியும், கிளினிக்கில இருந்து கோல் எடுத்துக் கதைப்பாங்க.

ஒழுங்கா மருந்து எடுத்தம் எண்டு சொன்னவங்க, மெசேஜ் வந்த பக்கம் 62 வீதம், வராத பக்கம் 50 வீதம். வாயால சொல்றதை விடுங்க, டொக்டர் ஏசுவார் எண்டு பயந்தும் ஆக்கள் "ஓம் ஓம், எடுத்தன்" எண்டு சொல்லுவாங்க. ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்தாலும் வைரஸ் அடங்கினவங்க மெசேஜ் பக்கம் 57 வீதம், மற்றப் பக்கம் 48. கிழமைக்கு ஒரு மெசேஜால இவ்வளவு எண்டா சின்ன விசயம் இல்ல.

அடுத்த வருசம் கென்யாவில இருந்தே இன்னொரு ஆய்வு வந்தது. உங்கட கேள்விக்கு நேரா விடை சொல்றது இதுதான். குளிசைப் போத்தலின்ட மூடிக்குள்ள ஒரு சின்னக் கருவி வச்சாங்க, எப்ப திறக்குது எண்டு அது பதியும். வாயால பொய் சொல்லித் தப்ப ஏலாது. சில பேருக்கு ஒவ்வொரு நாளும் மெசேஜ், சில பேருக்குக் கிழமைக்கு ஒண்டு, சில பேருக்கு ஒண்டுமில்ல. 48 கிழமை பாத்தாங்க. நூறு நேரத்தில தொண்ணூறு நேரமாவது ஒழுங்கா எடுத்தவங்க, கிழமைக்கு ஒண்டு வந்த பக்கம் 53 வீதம், மெசேஜ் வராத பக்கம் 40 வீதம். ஒவ்வொரு நாளும் மெசேஜ் போன பக்கம், வராத பக்கத்தை விடப் பெருசா ஒண்டும் கூடல்ல.

ஏன் எண்டு நான் நினைக்கிறதைச் சொல்றன். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு ஒரே மெசேஜ் வந்தா, நாலாம் நாள் அது போன் கொம்பனிக்காரன் அனுப்புற டேட்டா ஓபர் மெசேஜ் மாதிரி ஆயிடும், பாக்காமலே தள்ளி விட்டுடுவம். உங்கட தம்பிக்கு நடந்தது அதுதான். அதோட "போட்டியா?" எண்டு கேக்கிறது விசாரணை. போடாத நாளில அவன் என்ன பதில் எழுதுவான்? பொய் எழுதணும், இல்லாட்டி பேசாம இருக்கணும். பாவம், பேசாம இருக்கிறான்.

எல்லா இடத்திலயும் மெசேஜ் வேலை செய்தது எண்டும் சொல்ல மாட்டன். தென்னிந்தியாவில 631 பேரை வச்சுச் செய்த ஆய்வு 2014ல வந்தது. கிழமைக்கு ஒருக்காத் தானியங்கிக் கோல், அதோட ஒரு படம் போட்ட மெசேஜ். கிட்டத்தட்ட ரெண்டு வருசம் பாத்தும் வித்தியாசம் இல்ல. நமக்குப் பக்கத்துச் சனம்தானே, அங்க ஏன் எடுபடல்ல? மெசின் கேட்டா மெசினுக்குத்தான் பதில். கென்யாவில "பிரச்சினை" எண்டு அனுப்பினா மனிசர் ஒருத்தர் திருப்பிக் கதைச்சார். என்ட கணிப்பில வித்தியாசம் அந்த இடத்திலதான். உலக சுகாதார நிறுவனம் 2013ல மெசேஜைப் பரிந்துரைச்ச நேரமும் மற்ற உதவிகளோட சேத்துப் பாவிக்கலாம் எண்டுதான் சொன்னது, மெசேஜ் மட்டும் போதும் எண்டு சொல்லல்ல.

அதால தங்கச்சி, கிழமைக்கு ஒருக்கா அனுப்புங்க. நாளை ரெண்டு பேரும் பேசி வச்சுக்கொள்ளுங்க. "எப்படிடா இருக்காய்?" எண்டு கேளுங்க. அவன் "சுகம்" எண்டு போட்டா எல்லாம் சரி. விட்டுப்போன நாள் இருந்தா வேற ஏதாவது ஒரு சொல், "மழை" எண்டு வைங்களேன், உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது. மழை எண்டு வந்தா ஏசாதீங்க, கோல் எடுங்க. ரெண்டு நாளாப் பதில் இல்லாட்டியும் எடுங்க. அந்தக் கோல்தான் மருந்து, மெசேஜ் அதுக்கு ஒரு சாட்டு.

குளிசை, கிளினிக், ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துக்குச் சொல்ற சுருக்கப் பேர்) எண்டு ஒண்டும் எழுதாதீங்க. நம்மட வீடுகளில போன் எண்டுறது ஒரு ஆளின்ட சாமானா? உம்மா கையில இருக்கும், அக்காட பிள்ளை கேம் விளையாடும், திருத்தக் குடுத்தாக் கடைப் பொடியன் திறந்து பாப்பான். லொக் போட்டிருந்தாலும் வாட்ஸ்அப்பில முதல் வரி மேல தெரியும், செட்டிங்கில போய் அதை நிப்பாட்டச் சொல்லுங்க. சாதாரண எஸ்.எம்.எஸ். எண்டாத் தமிழ் எழுத்தில 70 எழுத்துக்கு மேல போனா ரெண்டு மெசேஜாக் காசு வெட்டும், சில பழைய போனில கட்டம் கட்டமாத்தான் தெரியும். "சுகமா?" எண்டதுக்கு அந்தக் கவலையும் இல்ல.

மறுகா, அவன் ஏன் விடுறான் எண்டதைக் கேட்டீங்களா? கேள்வியில அதைக் காணல்ல. எல்லாரும் மறதியால மட்டும் விடுறதில்ல. போத்தலை ஒளிச்சு வச்ச இடத்துக்குப் போக ஏலாது, வீடு நிறையச் சனம். குலுக்கினாச் சத்தம் கேக்குது எண்டு பயம். அப்படியெண்டா ஒரு கிழமைக்குரியதை எண்ணி வேற சின்ன டப்பாவில பஞ்சு வச்சுப் போட்டுக்கொள்ளலாம், நனையாம இருக்கணும், அவ்வளவுதான். மீன்பிடி வாடிக்குப் போறவங்க, ஆழ்கடலுக்குப் போறவங்க எண்டா திரும்பி வாற நாளுக்கும் மேலதிகமா ரெண்டு மூண்டு நாளைக்குக் கொண்டு போகணும். ஆடி மாசம் கதிர்காமத்துக்கு நடக்கிறவங்களுக்கும் இதுதான், உகந்தைக் கோயிலுக்கு அங்கால காட்டுக்குள்ள இறங்கினா மெசேஜ் எங்க வரப்போகுது? நோன்பு பிடிக்கிறவங்க விடணும் எண்டில்ல. நாளைக்கு ஒண்டு எண்டதால நோன்பு திறந்த பிறகோ சஹர் நேரத்திலயோ ஒரு நேரத்துக்கு மாத்தலாம். கிளினிக்கில கேட்டு மாத்துங்க.

நேரம் பிந்தினா? டொலுடெக்ராவிர் இருக்கிற குளிசை எண்டா, ஞாபகம் வந்த உடனே எடுக்கலாம். அடுத்த குளிசைக்கு நாலு மணித்தியாலத்துக்கும் குறைவா இருந்தா விட்டுட்டு, அடுத்ததை அதின்ட நேரத்துக்கு எடுங்க. ரெண்டைச் சேத்துப் போட வேணாம். இன்னொண்டு, நெஞ்செரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி மருந்து இந்தக் குளிசையை உடம்பில சேர விடாது. குளிசை எடுத்து ரெண்டு மணித்தியாலம் கழிச்சுப் பாணியைக் குடிக்கலாம். பாணியை முதல்ல குடிச்சிட்டா ஆறு மணித்தியாலம் பொறுக்கணும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளைச் சாப்பாட்டோட சேத்து எடுத்தாப் பிரச்சினை இல்ல. சீனி வருத்தத்துக்கு மெட்போமின் எடுக்கிறவங்க கட்டாயம் டொக்டரிட்டச் சொல்லுங்க, அளவு பாக்கணும்.

கடைசியா, உங்களால எல்லாத்தையும் கொழும்பில இருந்து செய்ய ஏலாது. மருந்து இலவசம், 2004ல இருந்து அரசாங்கம் குடுக்குது. பாலியல் நோய்க் கிளினிக் மட்டக்களப்பிலயும் இருக்கு, கல்முனை, அம்பாறையிலயும் இருக்கு. மட்டக்களப்பில தெரிஞ்ச முகத்தைக் காணுவம் எண்டு வெக்கப்பட்டா வேற மாவட்டத்துக் கிளினிக்குக்கு மாறுறதைப் பத்திக் கேக்கலாம், அப்படிப் போறவங்க இருக்கிறாங்க. எத்தனை நாள் விட்டான் எண்டதை அங்க மறைக்காமச் சொல்லட்டும். வைரல் லோட் பாத்துத்தான் இதே குளிசையில நிக்கிறதா, மாத்துறதா எண்டு முடிவெடுப்பாங்க. அவன் விரும்பினா மட்டும் உங்கட நம்பரையும் கிளினிக்கில குடுத்து வைக்கட்டும். தவணைக்கு வராட்டி அவங்க தேடுறதுக்கு ஒரு ஆள் வேணும், போன் நம்பரை மாத்தினா அதையும் சொல்லணும். இந்தக் கிழமை அவனோட கதைக்கேக்குள்ள இதைக் கேட்டுப் பாருங்க.