ஐந்தாவது கியரில் ஒரு மலை

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் சைக்கிளைப் பற்றி வானொலியில் பேசுவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. வண்டி எப்படி இருக்கிறது என்று ஓட்டுபவருக்கு முதலில் சேதி சொல்வது காதுதான்.

நான் பேசப்போவது யமஹா எஃப்ஜேஆர் 1300 பற்றி. ஸ்டார்ட் செய்து நிறுத்திவைத்தால், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்கும். 1298 சிசி, வரிசையாக நான்கு சிலிண்டர்கள். இவ்வளவு பெரிய என்ஜின் இப்படி அடங்கி ஓடுவதற்குக் காரணம், அதற்குள் சுழலும் இரண்டு சமன் தண்டுகள். பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதால் வரும் அதிர்வை அவை எதிர் அதிர்வால் அழித்துவிடுகின்றன. நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் விரல்கள் மரத்துப்போவதில்லை.

ஸ்போர்ட்ஸ் டூரர் என்று இந்த வகை வண்டிகளைச் சொல்வார்கள். பந்தய வண்டியில் உடல் முன்னால் குனிந்திருக்கும், மணிக்கட்டில் பாரம் இறங்கும். நெடும்பயண வண்டியில் நிமிர்ந்து உட்காரலாம், ஆனால் வளைவுகளில் அது கொஞ்சம் மந்தமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடியதுதான் இந்த வகை. யமஹா 1984-இல் எஃப்ஜே 1100 என்ற வண்டியைக் கொண்டுவந்தது, பிறகு அதையே எஃப்ஜே 1200 ஆக்கியது. அந்த வழியில் 2001-இல் ஐரோப்பாவில் அறிமுகமானது எஃப்ஜேஆர் 1300. நான் ஓட்டியது ஐந்து கியர் உள்ள பழைய மாடல். ஆறாவது கியர் 2016-இல்தான் வந்தது.

சக்தி என்றதும் எல்லோரும் உச்ச வேகம் எவ்வளவு என்று கேட்பார்கள். அந்த வேகத்தை நான் தொட்டதே இல்லை, தொட நினைத்ததும் இல்லை. இந்த வண்டியில் குதிரைத்திறனைவிட முக்கியமானது முறுக்கு விசை, அதாவது என்ஜின் தண்டைத் திருகிச் சுழற்றும் வலு. 138 நியூட்டன் மீட்டர், என்ஜின் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது. அது தாளில் இருக்கிற கணக்கு. சாலையில் நாம் உணர்வது, 3000 சுற்றிலேயே வண்டி நம்மைத் தாங்கிப் பிடித்து முன்னே கொண்டுபோகிறது என்பதைத்தான். ஒரு லாரியை முந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியரைக் குறைக்க வேண்டாம், என்ஜினை அலறவிட வேண்டாம். எதிரே சாலை காலியா என்று பார்த்து, வலது மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும். எதிர்த்தடத்தில் நாம் இருக்கும் நேரம் குறைந்துவிடும். பெரிய என்ஜினால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை இந்தச் சில விநாடிகள்தான்.

செயின் கிடையாது. என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் என்ற ஒரு தண்டு சுழன்று விசையைக் கொண்டுபோகிறது. செயின் உள்ள வண்டியில் தூரப் பயணம் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாலையில் களைத்துப்போய் இறங்கியபின் செயினைத் துடைத்து எண்ணெய் போடும் வேலை இதில் இல்லை. ஷாஃப்ட் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயை உரிய தூரத்தில் மாற்றினால் சரி. டாங்க் 25 லிட்டர், நிதானமாக ஓட்டினால் 400 கிலோமீட்டர் அளவுக்கு வரும்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு, அது எடை. எரிபொருளோடு சேர்த்து ஏறக்குறைய 290 கிலோ. ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த எடை எங்கே போனது என்றே தெரியாது. நடக்கிற வேகத்தில்தான் அது தன்னைக் காட்டும். ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். சாய ஆரம்பித்த 290 கிலோவைக் காலால் நிறுத்த முடியாது, முயலவும் கூடாது. இப்படிப்பட்ட வண்டி வாங்கியவர்கள் முதல் இரண்டு நாள் காலையை ஒரு வெற்று மைதானத்துக்குக் கொடுங்கள். கிளட்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, 8 வடிவத்தில் சுற்றி வரப் பழகுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். நான் அப்படித்தான் பழகினேன். அந்த இரண்டு காலைகள் எனக்கு இன்றும் உதவுகின்றன.

அப்புறம் வளைவுகள். ஓரளவு வேகத்தில் வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். வண்டி வலப்புறம் சாயும், சாய்ந்து திரும்பும். எந்த இருசக்கர வண்டிக்கும் இதுதான் இயற்பியல். சின்ன வண்டியில் தெரியாமலே செய்துவிடுகிறோம். கனமான வண்டியில் தெரிந்தே செய்ய வேண்டியிருக்கிறது. தெரிந்து செய்யும்போது கிடைக்கிற திருப்தியே வேறு.

பின்னால் ஒருவர் உட்கார்ந்து, இருபுறப் பெட்டிகளும் நிறைந்திருந்தால், கிளம்பும் முன் பின் ஸ்பிரிங்கை இறுக்கமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். என் வண்டியில் அதற்கு ஒரு சின்ன நெம்புகோல்தான். மாற்றாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும், இரவில் விளக்கு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும்.

நம் ஓட்டுதல் எப்படி என்று அறிய ஒரு வழி இருக்கிறது. திடீரென்று பிரேக் பிடித்தாலோ, சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டாலோ, பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் டொக் என்று இடிக்கும். முதல் பயணத்தில் என் மனைவியின் ஹெல்மெட் எத்தனை முறை இடித்தது என்று கணக்கில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் ஒவ்வொரு டொக்கும் கேட்டது. பிறகு ஒருநாள் நீண்ட மலைப்பாதை. கடும் கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து, பெரிய அகன்ற திருப்பங்கள் தொடங்கின. கியரை ஐந்தில் போட்டேன். அங்கிருந்து உச்சி வரை மணிக்கட்டின் அசைவு மட்டும்தான். பெட்டிகள் நிறைய சாமான், இரண்டு பேர், ஏற்றம் முழுக்க என்ஜின் அதே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தது.

உச்சியில் நிறுத்தியபோதுதான் கவனித்தேன், வழியில் ஒரு டொக் கூடக் கேட்கவில்லை. அவர் இறங்கிக் கைகால்களை நீட்டிவிட்டு, இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, அந்தப் பக்கமும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்.