குருவின் உடலிலிருந்து வந்த கலை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது, கேரளத்துக் கூடியாட்டத்துடன் சீனத்தின் குன்ச்சூ இசைநாடகமும் அதில் இடம்பெற்றது. சூச்சோ நகரை அடுத்த குன்ஷான் வட்டாரத்து மெட்டுகளை 16-ஆம் நூற்றாண்டில் வேய் லியாங்ஃபூ என்னும் இசைவாணர் செம்மைப்படுத்தியதால் உருப்பெற்ற மரபு இது. ஒவ்வோர் அசையையும் அதன் தொனி கெடாமல் நீட்டிப் பாட, மூங்கில் குழல் உடன் இழையும்.

இதன் மணிமகுடம், தாங் சியான்சூ 1598-இல் முடித்த 55 காட்சிகள் கொண்ட 'பியோனி மண்டபம்'. அதில் தோட்டக் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேடையில் ஒரு பூ கூடக் கிடையாது. நாயகி து லினியாங்கும் தோழியும் விசிறி ஏந்தி அடியெடுத்து வைக்க, அவர்களுடைய பார்வை தங்கும் இடமெல்லாம் வசந்தம் விரிகிறது. நீண்ட வெண்பட்டுக் கைத்தலைப்பு மடங்குவதும் நெகிழ்வதும் பாட்டின் அசையோடு பிணைந்தே நிகழ்கின்றன. பாட்டின் வரிகள் ஏட்டில் உள்ளன. ஆனால் கண் எப்போது திரும்ப வேண்டும், மணிக்கட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆசானிடம் நின்றுதான் கற்க முடியும். ஆகவே, ஆசான் மறைந்தால் காட்சியும் மறைந்துவிடும் என்பதே இக்கலையின் நெடுங்கால அச்சம் என்று நான் கருதுகிறேன்.

அந்த அச்சம் ஏறக்குறைய மெய்யாகவே ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டில், சீனப் பேரரசை எதிர்த்து மூண்ட தைப்பிங் கிளர்ச்சிப் போர் சூச்சோவைச் சீரழித்தது. பெய்ஜிங் இசைநாடகம் ரசிகர்களை ஈர்த்துக்கொண்டது. 1921-இல் கலை ஆர்வலர்கள் சூச்சோவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்க, ஷாங்காய் பஞ்சாலை அதிபர் மூ ஓச்சூ அதற்குப் பொருளுதவி செய்தார். அங்கே பயின்ற சோ சுவான்யிங், 1956-இல் 'பதினைந்து கோவைக் காசு' நாடகத்தில் நீதி தவறாத அதிகாரியாக நடித்தார். அந்த ஒரு நாடகம் குன்ச்சூவையே காப்பாற்றியது என்று அக்காலத்தில் சீனத்தின் 'மக்கள் நாளிதழ்' தலையங்கம் தீட்டியது.

சோ சுவான்யிங்கின் மாணவர் வாங் ஷியூ. எழுத்தாளர் பாய் சியான்யோங் 'பியோனி மண்டபத்தை' இளைஞர்களைக் கொண்டே மேடையேற்ற முனைந்தபோது, நாயகன் வேடத்துக்குரிய யூ ஜியூலின் இந்த வாங் ஷியூவை மண்டியிட்டு வணங்கி, முறைப்படி சீடரானார். 2004-இல் தைவான் தலைநகர் தைபெயில் அரங்கேறிய அந்த ஒன்பது மணி நேர நாடகம், மூன்று இரவுகளாகப் பிரித்து நடத்தப்பட்டது. பின்னர் சீனத்தின் பல்கலைக்கழக வளாகங்கள் பலவற்றுக்கும் சென்று, குன்ச்சூவை அதுவரை கண்டிராத மாணவர்களை அரங்கிற்கு அழைத்து வந்தது.