நாலணாவும் ஆறு பென்ஸும்: பிரையன் மேவுக்குப் பிறந்தநாள்

வணக்கம் மக்களே. முதல்ல இந்தக் காசைப் பாருங்க. கேமரா ஃபோகஸ் ஆகட்டும்... ம், இப்பத் தெரியுது. பழைய நாலணா. எங்க ஆயாவோட வெத்தலைப் பொட்டியில கிடந்தது. ஓரத்தை விரலால தடவினா நறநறன்னு பல்லு பல்லா இருக்கும். இப்போ இதை வெச்சு கிட்டார் கம்பியை மீட்டுறேன், கேளுங்க.

கேட்டுச்சா? 'டங்'னு சத்தம் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி சின்னதா ஒரு 'க்ர்'. இன்னொரு தடவை. க்ர்... டங். அந்த 'க்ர்'ருக்காகத்தான் இன்னிக்கு இந்த வீடியோ.

இன்னிக்கு ஜூலை 19. இங்கிலாந்தோட குயீன் ராக் பேண்ட்ல கிட்டார் வாசிக்கிற பிரையன் மே பொறந்த நாள். 1947-ல லண்டன் பக்கத்துல ஹாம்ப்டன்ல பொறந்தவர். இத்தனை வருஷமா அவர் பிளாஸ்டிக் பிக், அதாவது கம்பியை மீட்டுற சின்னத் தகடு வெச்சு வாசிக்கிறதில்ல. இங்கிலாந்தோட பழைய ஆறு பென்ஸ் காசுதான் அவர் கையில இருக்கும். செம்பும் நிக்கலும் கலந்த காசு. கிட்டத்தட்ட நம்ம பழைய நிக்கல் நாலணா அளவு, அதே மாதிரி ஓரத்துல பல்லு.

பிளாஸ்டிக் வளையும். காசு வளையாது. அதனால விரல் என்ன நினைக்குதோ அது அப்படியே கம்பிக்குப் போகும். காசைக் கம்பிக்கு நேராப் பிடிச்சா வழுவழுன்னு வரும். கொஞ்சம் சாய்ச்சா அந்தப் பல்லு கம்பியில உரசும். நான் இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னா, கம்பி உயிரெழுத்து, காசு மெய்யெழுத்து. வெறும் 'ஆ'ன்னு வர வேண்டியது 'கா'ன்னு வருது. அவர் வாசிக்கிறது யாரோ பேசுற மாதிரி இருக்குன்னு சொல்றோம்ல, அதுக்கு இந்தக் காசு ஒரு பெரிய காரணம்னு நான் நம்புறேன்.

ஒண்ணு சொல்லிடுறேன். இப்ப புழக்கத்துல இருக்கிற எவர்சில்வர் காசுல இதை முயற்சி பண்ணாதீங்க. நான் ஒரு ரூபாய்க் காசை வெச்சு ரெண்டு நாள் வாசிச்சேன், மெலிசுக் கம்பி ரெண்டும் அறுந்துபோச்சு. நிக்கல் காசு கொஞ்சம் மெது. கம்பி தேயாது, காசுதான் தேயும்.

இனி கிட்டாருக்கு வரேன். அதோட பேரு ரெட் ஸ்பெஷல். உண்மையில இன்னிக்குப் பொறந்தநாள் அவருக்குன்னா, பாதி வாழ்த்து இந்தக் கிட்டாருக்கும் போகணும். ஏன்னா இது கடையில வாங்கினது இல்ல. 1963-ல, பிரையனுக்கு 16 வயசு. ஃபெண்டர், கிப்சன் மாதிரி கம்பெனி கிட்டார் எல்லாம் அந்தக் குடும்பத்தால நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத விலை. அப்பா ஹெரால்டு மே எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர், விமானத்துறையில வரைவாளரா இருந்தவர். வீட்டு டிவியையே சொந்தக் கையால செஞ்சவர். சரி வா, நாமளே செய்வோம்னு ரெண்டு பேரும் உட்கார்ந்தாங்க. ரெண்டு வருஷம் பக்கம் ஆச்சு. மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு.

எதுல எது செஞ்சாங்கன்னு கேளுங்க, எனக்கு எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. கழுத்துப் பகுதி, நெக்னு சொல்றோம்ல, அது நூறு வருஷத்துக்கும் மேல பழசான ஒரு ஃபயர்பிளேஸோட மேல்சட்டம். தெரிஞ்சவங்க வீட்டுல தூக்கிப் போட இருந்த மஹோகனிக் கட்டை. அதுல பூச்சி அரிச்ச ஓட்டை இருந்துச்சு. ஓட்டைக்குள்ள தீக்குச்சியைச் சொருகி அடைச்சுட்டு, மேல இழைச்சு விட்டிருக்கான் அந்தப் பையன். இன்னிக்கும் அந்தத் தீக்குச்சி உள்ளதான் இருக்கு. லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல 1985-ல நடந்த லைவ் எய்ட் கச்சேரியில அந்தக் கூட்டம் முழுக்கக் கை தட்டினப்பவும் உள்ளதான் இருந்துச்சு.

உடம்புக்கு ஒரு பழைய மேஜையோட ஓக் கட்டை. விரலால கம்பியை அழுத்துற ஃப்ரெட் போர்டுல வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்கும் பாருங்க, அது அம்மாவோட தையல் பொட்டியில இருந்த முத்துச்சிப்பிப் பட்டன். சத்தத்தை ஆட்டி விடுற அந்த ட்ரெமலோ இருக்கே, அதுக்கு வேண்டிய ஸ்பிரிங் ரெண்டும் 1928-ம் வருஷத்துப் பேந்தர் மோட்டார் சைக்கிளோட வால்வு ஸ்பிரிங். அந்தக் கைப்பிடி சைக்கிள்ல பை மாட்டுற கம்பி. அதோட நுனியில இருக்கிறது அம்மா ஸ்வெட்டர் பின்னுற ஊசியோட முனை.

இதைக் கேட்டா ஏதோ கிடைச்சதை ஒட்டி வெச்ச மாதிரி தோணும். அப்படி இல்லவே இல்ல. ட்ரெமலோ ஒரு கத்தி முனை மேல உட்கார்ந்து ஆடுது, தராசு முள்ளு மாதிரி. கம்பி உரசி நிக்கக்கூடாதுன்னு, கம்பியைத் தாங்குற பாலத்துல குட்டிக் குட்டி உருளை. ட்ரெமலோவை அழுத்திட்டு விட்டா சுருதி பழைய இடத்துக்கே திரும்பணும், அதுக்குத்தான் இவ்வளவும். உடம்புக்குள்ள வேணும்னே வெற்றிடம் விட்டிருக்காங்க. ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்குற பொட்டி முன்னாடி நின்னா கிட்டார் அந்தச் சத்தத்தை வாங்கிப் பாடணும்னு நினைச்சிருக்காங்க. 16 வயசுல.

கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்துற பிக்கப்பைக்கூட முதல்ல காந்தம் வாங்கி, செம்புக் கம்பி சுத்தி அவரேதான் செஞ்சார். ஆனா கம்பியை வளைச்சு வாசிக்கிறப்போ உரசுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அது பிடிக்கலை. அதனால பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப் மூணு வாங்கிப் போட்டார். கிட்டார்ல காசு கொடுத்து வாங்கின பெரிய பொருள்னா அது ஒண்ணுதான்.

அந்த மூணு பிக்கப்புக்கும் தனித்தனியா ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச். கூடவே ஃபேஸை, அதாவது அலையோட ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாத் திருப்புறதுக்குத் தனித்தனியா இன்னொரு சுவிட்ச். ஆக மொத்தம் 6. மூணும் சீரீஸ்ல இருக்கு, பேட்டரியை ஒண்ணு பின்னாடி ஒண்ணு வைக்கிற மாதிரி. ரெண்டு சேர்த்துப் போட்டா சத்தம் கெட்டியா, உருண்டையா வரும். ஒண்ணை மட்டும் திருப்பிட்டா, ரெண்டும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கும். கனமான கீழ்ச்சத்தம் காணாமப் போயி மேல கூர்மையா ஒரு கீச்சல் மட்டும் மிஞ்சும். குயீன் பாட்டுல ஒரே பாட்டுக்குள்ள கிட்டார் பத்து ஆளா மாறுற மாதிரி இருக்கும்ல? பாதி இந்த சுவிட்ச் வேலை.

மீதிப் பாதிக்கு ஒரு குட்டி ஆம்ப்பைச் சொல்லணும். குயீன்ல பேஸ் கிட்டார் வாசிச்ச ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர். ஒரு நாள் தெருவுல குப்பைத் தொட்டியில ஒரு சர்க்யூட் போர்டு கிடந்ததை எடுத்துட்டு வந்து, சின்ன ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள வெச்சு ஒரு ஆம்ப்பா ஆக்கிட்டார். வால்யூம் திருகிகூடக் கிடையாது. பேட்டரியில ஓடும். அதுல ரெட் ஸ்பெஷலைச் சொருகினா வயலின் மாதிரி, ஊதுற கருவி மாதிரி எல்லாம் வந்துச்சு. 1975-ல வந்த 'எ நைட் அட் தி ஆபரா' ஆல்பத்துல 'குட் கம்பெனி'ன்னு ஒரு பாட்டு. அதுல கடைசியில ஒரு பழைய ஜாஸ் பேண்ட் செட்டே வாசிக்கும். கிளாரினெட், ட்ரம்பெட், ட்ராம்போன் எல்லாம் கேட்கும். அவ்வளவும் கிட்டார். ஒவ்வொரு சுரமா, ஒவ்வொரு கருவியா உட்கார்ந்து சேர்த்திருக்கார். முதல் தடவை கேட்டப்போ நான் நம்பலை. ஹெட்ஃபோன் போட்டு, கண்ணை மூடிட்டு அந்த ட்ராம்போனை மட்டும் பின்தொடர்ந்து போனேன். ஒரு இடத்துல அந்த 'க்ர்' லேசாக் கேட்டுச்சு. அப்பத்தான் நம்பினேன்.

படிப்பைப் பத்திப் பலருக்கும் தெரியும், சுருக்கமாச் சொல்றேன். லண்டன் இம்பீரியல் காலேஜ்ல 1970-ல வானியற்பியல் ஆராய்ச்சி ஆரம்பிச்சார். சூரியனைச் சுத்தி கிரகங்களுக்கு நடுவுல மிதக்குற தூசியைப் பத்தி. 1974 வாக்குல குயீன் சூடு பிடிச்சதும் அதை அப்படியே நிறுத்திட்டார். திரும்பி வந்து முடிச்சது 2007-ல, 60 வயசுல.

ஆனா நான் சொல்ல வந்தது அந்த டாக்டர் பட்டம் இல்ல. அதை நடுவுல விட்டப்போ வீட்டுல என்ன நடந்துச்சுங்கிறது. கூடவே உட்கார்ந்து கிட்டார் செஞ்சு கொடுத்த அதே அப்பாவுக்கு, மகன் படிப்பை விட்டுட்டு ராக் பேண்டுக்குப் போறது தாங்கலை. ரொம்ப நாள் ரெண்டு பேரும் சரியாவே பேசிக்கலைன்னு பிரையன் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அந்த நாள்ல அவர் ஒவ்வொரு ராத்திரியும் மேடையில தோள்ல மாட்டினது அப்பாவோட சேர்ந்து இழைச்ச கட்டையை. இதை நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது.

அப்புறம் ஒரு சமயம், பிரையன் தன்னோட அப்பா, அம்மா ரெண்டு பேரையும் கான்கார்டுங்கிற அதிவேக விமானத்துல நியூயார்க்குக்குக் கூட்டிட்டுப் போனார். அப்பா அந்த கான்கார்டுக்கான கருவி வேலையில பங்கெடுத்தவர், ஆனா அதுல ஏறிப் பறந்ததே இல்ல. அங்க மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துல குயீன் கச்சேரி. முடிஞ்சதும் அப்பா வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கி, இப்பப் புரியுதுன்னு சொன்னாராம்.

ஹெரால்டு 1988-ல போயிட்டார். 2002-ல இங்கிலாந்து ராணி எலிசபெத்தோட ஆட்சிப் பொன்விழா. பக்கிங்காம் அரண்மனை மொட்டை மாடியில பிரையன் தனியா நின்னு நாட்டுப்பண்ணை வாசிச்சார். தோள்ல அதே ரெட் ஸ்பெஷல். அந்த வீடியோவை நான் பார்க்கும்போதெல்லாம் அரண்மனையைப் பார்க்கிறதில்ல, அந்தப் பட்டன் புள்ளிகளைத்தான் தேடுறேன்.

2024 செப்டம்பர்ல அவரே ஒரு வீடியோ போட்டிருந்தார். லேசான பக்கவாதம், இடது கை திடீர்னு சொன்ன பேச்சு கேட்கலைன்னு. கிட்டார் வாசிக்கிறவங்களுக்குத் தெரியும், இடது கைதான் ஃப்ரெட்டை அழுத்துற கை. அந்த வீடியோவுலயே, இப்ப மறுபடி வாசிக்க முடியுதுன்னும் சொன்னார். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தேன். 2025 ஏப்ரல்ல கலிஃபோர்னியாவுல கோச்செல்லா இசை விழா மேடை. பென்சன் பூன்னு ஒரு இளம் பாடகர் குயீனோட 'பொஹீமியன் ராப்ஸடி' பாடிட்டு இருக்கார், கிட்டார் தனியா முன்னாடி வர்ற சோலோ இடத்துல பிரையன் மேல வந்து நிக்கிறார். தலை முழுக்க வெள்ளைச் சுருட்டை. விரல் ஒவ்வொண்ணும் போக வேண்டிய இடத்துக்குப் போச்சு. கூட்டத்துல நிறையப் பேருக்கு 20 வயசு இருக்கும். அந்தக் கிட்டாருக்கு அப்போ 60.

சரி, இன்னிக்கு அந்த சோலோவைத்தான் இந்த நாலணாவால வாசிக்கப் போறேன். மூணு வாரமாப் பழகிட்டு இருக்கேன், நடுவுல அந்த ஏறுற இடம் மட்டும் இன்னும் சரியா உட்காரலை. பரவாயில்ல, அவர் பொறந்தநாளுக்கு வாசிக்காம எப்ப வாசிக்க. ஆம்ப்பைப் போட்டுக்குறேன்.

பிறந்தநாள் வாழ்த்துகள் சார். ஒண்ணு, ரெண்டு...