சாகசம்: தண்டனைக்குரிய ஒரு சொல்

அவையோர்க்கு வணக்கம்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவின் மேலே விமானப்படை நிகழ்த்திக் காட்டியதை நாளேடுகள் ‘விமான சாகசம்’ என்று எழுதின. நள்ளிரவில் முன்சக்கரத்தைத் தூக்கி ‘வீலிங்’ செய்த இளைஞர்கள் காவல்துறையிடம் சிக்கும்போதும் அவை ‘பைக் சாகசம்’ என்றே எழுதுகின்றன. பாராட்டுக்கும் வழக்குக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சாகசம் வடசொல். ‘மோஹம்’ மோகமாகவும் ‘தேஹம்’ தேகமாகவும் ஆனதுபோல ‘சாஹஸம்’ நம்மிடம் சாகசம் ஆயிற்று. வெல்லுதல், தாங்குதல் என்று பொருள்படும் ‘ஸஹ்’ என்பது அதன் வேர். அதிலிருந்து பிறந்த ‘ஸஹஸ்’ வலிமையைக் குறிக்கும். இருக்கு வேதம் அக்கினியை வலிமையின் மகன் என்றே விளிக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் சகிப்பும் உற்சாகமும் இதே வேரில் கிளைத்தவை. ஆக, வாய்மூடிப் பொறுத்துக்கொள்பவரும் பாறை முகட்டில் தொங்குபவரும் சொல்லளவில் உடன்பிறப்புகள்.

ஆனால் பழைய நீதிநூல்களில் இச்சொல்லுக்குப் புகழ் இல்லை. வழக்குகளைப் பதினெட்டாக வகுக்கும் மனு நூலில் சாஹஸமும் ஒரு வகை. உடையவன் கண்ணெதிரே வலிந்து பறித்தால் அது சாஹஸம், அவன் அறியாமல் எடுத்தால் களவு என்று அந்நூலும் அர்த்தசாஸ்திரமும் பிரித்துக் காட்டுகின்றன. 250, 500, 1000 பணம் என்று மனு நூல் வகுத்த மூன்று தண்டத்தொகைகளுக்கும் முதல் சாஹஸம், இடைச் சாஹஸம், தலைச் சாஹஸம் என்றே பெயர். குற்றத்தின் பெயரே அபராதத்துக்கும் பெயராயிற்று. கள்வனிடம் இல்லாத ஒன்று, முகத்தை மறைக்காத நெஞ்சு, இந்தக் குற்றவாளியிடம் இருந்தது. காலப்போக்கில் பழி உதிர்ந்து அந்த நெஞ்சுரம் மட்டும் சொல்லில் தங்கியது என்று நான் கருதுகிறேன்.

அதுவும் முழுதாக உதிரவில்லை. ‘சாகசக்காரி’ என்று நம் ஊரில் ஒருத்தியைச் சொன்னால், அவள் மலையேறியவள் என்று யாரும் எண்ணுவதில்லை. மயக்கிக் காரியம் சாதிப்பவள் என்றே எண்ணுகிறார்கள். (ஆணுக்கு இந்த ஏச்சு அவ்வளவாக ஒட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.)

இச்சொல்லின் உறவான ‘ஸஹஸா’ என்பதற்குத் திடீரென, ஆராயாமல் என்று பொருள். ‘ஸஹஸா’ எதையும் செய்துவிடாதே என்று வடமொழிக் கவிஞர் பாரவி தம் காவியத்தில் எச்சரிக்கிறார். ‘எண்ணித் துணிக கருமம்’ என்று வள்ளுவர் சொல்வதும் ஏறத்தாழ அதுவே. துணிதல் என்றால் அறுபடுதல். அறுத்தெடுத்ததால்தான் துணி என்கிறோம். ஐயத்தை அறுத்தபின் மிஞ்சுவது துணிவு. அப்படிப் பார்த்தால், எண்ணாமல் பாய்ந்த பைக் இளைஞருக்குத்தான் சாகசம் என்ற சொல் அச்சாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்து, பலமுறை பழகியபின் வானேறிய விமானிக்கு நாளேடு துணிவு என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?