ஒரு லிட்டர் எரிபொருளின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு லிட்டர் பெட்ரோலைக் கையில் தூக்கிப் பாருங்கள், முக்கால் கிலோதான் இருக்கும். அதை வண்டியில் ஊற்றி எரித்தால் புகையோடு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் சுமார் 2.3 கிலோ. முக்கால் கிலோ எப்படி மூன்று மடங்காகும்? எரியும்போது எண்ணெயில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12, இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து 32. அதாவது 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ வாயு. இந்தக் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது தனியார் ஜெட்டுக்கு வருவோம். நடுத்தர அளவு ஜெட் ஒன்று மணிக்கு ஏறக்குறைய 1000 லிட்டர் குடிக்கும். விமான எரிபொருளில் லிட்டருக்கு 2.5 கிலோ வாயு, ஆக ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை டன். உலகில் ஓர் ஆளுக்குச் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் வருவதே 4.7 டன் போலத்தான்! நாலைந்து பேர் ஏறிய ஜெட் இரண்டு மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடுகிறது. ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பயணங்கள் வேறு. உலகின் பணக்காரப் பத்து சதவீதத்தினரே காற்றில் கலக்கும் மொத்த கார்பன் டை ஆக்சைடில் பாதியளவுக்குக் காரணம் என்ற கணக்கு இப்படித்தான் சேருகிறது.

இந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைத்துக் காற்றைச் சூடாக்குகிறது. அது மழையாக எப்படித் திரும்புகிறது? காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி பிடிக்கும். ஆண்டு மழை அந்த அளவுக்குக் கூடுவதில்லை, பெய்கிறபோது மொத்தமாகக் கொட்டும். மண் குடிப்பதற்குள் தண்ணீர் ஓடிவிடும். மழையில்லாத நாட்களில் அதே சூடான காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரே ஊரில் வெள்ளமும் வறட்சியும் வருவது இதனால்தான். முதலில் நனைவதும் காய்வதும் ஜெட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

இந்தப் பாதிப்பைச் சமாளிக்க யார் பணம் தருவது என்பதை விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் நெருக்குகிறது. 2009இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றன. அந்தத் தொகை 2022இல்தான் எட்டியது, அதிலும் அரசுகள் தந்ததில் பெரும்பங்கு கடன். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு, சேத நிதிக்கு 2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த மாநாட்டில் ஒப்புதல் கிடைத்தது, ஆனால் பணம் போடுவது அவரவர் விருப்பம். சாதாரண வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலுக்குப் பெரும்பாலான நாடுகளில் வரி உண்டு. நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரியே இல்லை. ஜெட் குடிக்கும் அந்த 1000 லிட்டரில் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி போட்டு, அதை இந்த நிதியில் சேர்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.